ரெண்டருக்குப் பின்னால் இருக்கும் தாள்கள்

ஜனவரி 6

உள் வடிவமைப்பு (இன்டீரியர் டிசைன்) படிப்பின் கடைசிப் பருவம் தொடங்கிவிட்டது. வகுப்பில் எல்லோரும் எங்கள் வேலைகளைத் தொகுத்த போர்ட்ஃபோலியோவை மேசையில் பரப்பி வைத்தோம். போன வருடம் படிப்பை முடித்து ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்த அக்கா பார்க்க வந்திருந்தார். பொறுமையாகப் புரட்டினார். மாலை வெயில் விழும் சோபா, நிழல் படிந்த சுவர், ஓரத்தில் ஒரு செடி. எல்லார் பக்கங்களிலும் இதேதான், செடிகூட ஒரே செடி. கடைசியில் கேட்டார்: "எல்லாம் அழகா இருக்கு. இதை வச்சு ஒருத்தர் கட்ட முடியுமா?"

யாரும் பேசவில்லை. தொங்கும் சீலிங் எதில் தொங்குகிறது, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, சுவிட்ச் எங்கே வருகிறது? ரெண்டர், அதாவது கணினியில் நிஜம்போல உருவாக்கிய படம், இதற்கெல்லாம் பதில் சொல்லாது. அது வாடிக்கையாளர் பார்க்க வேண்டிய தாள். தச்சருக்கும், எலக்ட்ரீஷியனுக்கும், பிளம்பருக்கும் வேறு தாள்கள் வேண்டும். கல்லூரியில் முதல் வகைக்குத்தான் கைதட்டல் கிடைக்கிறது. சம்பளம் பெரும்பாலும் இரண்டாவது வகைக்கு என்றார் அக்கா.

ஜனவரி 14

போர்ட்ஃபோலியோவைப் பாதியாகக் குறைத்தேன். நான்கு புராஜெக்ட்கள் மட்டும். ஒவ்வொன்றிலும் முதலில் யாருக்காக, என்ன பிரச்சினை என்று இரண்டு வரி. அப்புறம் கைவரைபடம், பிளான், செக்ஷன் (குறுக்கே வெட்டிப் பார்த்த தோற்றம்), 1:5 அளவில் ஒரு இணைப்பு டீடெயில். ரெண்டர் கடைசியில். குழுவாகச் செய்ததில் என் பங்கு எது என்று அந்தப் பக்கத்திலேயே எழுதிவிட்டேன். நேர்காணலில் "இதை நீங்களா செய்தீர்கள்?" என்று கேட்ட பிறகு விளக்குவது சங்கடம்.

கோப்பின் எடையும் கவனிக்க வேண்டியதுதான். 80 எம்பி பிடிஎஃப் வந்தால் திறக்கும்வரை யார் காத்திருப்பார்கள்? 10 எம்பிக்குள் வைத்தேன்.

ஜனவரி 29

ஸ்டுடியோவில் பயிற்சிக்குச் சேர்ந்தாயிற்று. முதல் வேலையே அளவெடுப்பு. வகுப்பறையில் எல்லா மூலையும் 90 டிகிரி, எல்லாச் சுவரும் நேர். நிஜக் கட்டடத்தில் இரண்டும் அபூர்வம்.

சீனியர் சொல்லித் தந்த முறை இது. ஒரு சுவரில் ஜன்னல், தூண், கதவு என்று துண்டு துண்டாக அளந்து கூட்டக் கூடாது. ஒவ்வொரு துண்டிலும் 3, 4 மில்லிமீட்டர் நழுவி, சுவர் முடியும்போது ஒரு அங்குலம் காணாமல் போயிருக்கும். டேப்பை ஒரு மூலையில் பிடித்துக்கொண்டு தொடர்ச்சியாக வாசித்துக்கொண்டே போக வேண்டும். அறையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். செவ்வகமாக வரைந்த அறையில் அவை சமமாக வரவில்லை என்றால் அறை கோணலாக இருக்கிறது. அலமாரி வரும் இடத்தில் அகலத்தைத் தரையருகே, நடுவில், மேலே என்று மூன்று உயரத்தில் எடுத்து, மிகக் குறைந்ததை வைத்துக்கொண்டு வரைய வேண்டும். பீம் எவ்வளவு இறங்குகிறது, ஜன்னல் அடிமட்டம் என்ன உயரம், தண்ணீர்க் குழாய் எங்கே முளைக்கிறது, எல்லாம் குறிப்பில் வர வேண்டும். கிளம்புமுன் ஒவ்வொரு சுவருக்கும் நேர்முகமாக ஒரு போட்டோ.

ஸ்டுடியோ திரும்பிய பின் அந்த போட்டோக்களைத்தான் அதிகம் பார்த்தேன்.

பிப்ரவரி 11

இன்று மரவேலைப் பட்டறைக்கு அழைத்துப் போனார்கள். இந்த ஒரு நாளில் புரிந்தது ஒரு பருவம் முழுக்கப் படித்ததைவிட அதிகம் என்று எழுதலாமா? மிகைதான், ஆனாலும் எழுதுகிறேன்.

மேசையில் யாரோ ஒருவரின் அலமாரி வரைபடம் கிடந்தது. பக்கப் பலகையின் ஆழம் 620 மில்லிமீட்டர். தச்சர் அதைக் காட்டி என்னிடம் கேட்டார்: "இது ஏன் 620, தம்பி?" எனக்கு எப்படித் தெரியும்? அவரே விளக்கினார். பிளைவுட் ஷீட் பொதுவாக 2440 × 1220 மில்லிமீட்டர். 600 ஆழம் என்றால் அகலவாட்டில் இரண்டு பட்டை கிடைக்கும். ரம்பம் தின்னும் 3 மில்லிமீட்டரைக் கழித்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். 620 என்றால் ஒரு பட்டைதான். மீதி 597 சொச்சம் அந்த அலமாரியின் பக்கத்துக்கு உதவாது. வேறெங்காவது தட்டாகப் பயன்பட்டால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் வேஸ்டேஜ். அந்த 20 மில்லிமீட்டரால் அலமாரியில் கூடுதலாக ஒரு சட்டைகூடத் தொங்காது. ஹேங்கருக்கு உள்ளே 550 இருந்தாலே போதும். கதவு பலகைக்கு வெளியே பொருந்தும் வகை என்றால் அதன் 18 மில்லிமீட்டர் தனியாக முன்னால் நிற்கும், அதை ஆழத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தையற்காரர் துணியின் பன்னா பார்த்து வெட்டுவதுபோல, வரைபவரும் ஷீட்டின் அளவு பார்த்து வரைய வேண்டும்.

இன்னொன்றும் கேட்டேன்: "வரைபடத்தில் முதலில் எதைப் பார்ப்பீங்க?" அவர் யோசிக்கவே இல்லை. ஓரத்தில் இருக்கும் தேதியும் திருத்த எண்ணும். பழைய தாளை வைத்து வெட்டிய பலகையைத் திரும்ப ஒட்ட முடியாதாம். எங்கள் கல்லூரித் தாள்களில் டைட்டில் பிளாக் என்பது பெயர் போட ஒரு பெட்டி. இங்கே அதுதான் முதல் வாசல்.

பிப்ரவரி 12

நேற்று கேட்டதை வைத்து என் பழைய சமையலறை புராஜெக்டுக்கு கட்டிங் லிஸ்ட் (எந்தப் பலகையை என்ன அளவில் வெட்ட வேண்டும் என்ற பட்டியல்) போட்டேன். உட்கார்ந்து போட்டதில் இரவு போய்விட்டது. போர்ட்ஃபோலியோவில் இதையும் ஒரு பக்கமாகச் சேர்க்கப் போகிறேன். பார்க்க அழகாக இல்லை. பரவாயில்லை.

பிப்ரவரி 27

வாடிக்கையாளர் சந்திப்பில் ஓரமாக உட்கார அனுமதி. சீனியர் மேடம் ஸ்டைல் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. காலையில் யார் முதலில் எழுகிறார்கள், வந்ததும் சாவியை எங்கே போடுகிறார்கள், வீட்டில் இருந்து வேலை செய்பவர் போனில் சத்தமாகப் பேசுவாரா, இப்போதைய வீட்டில் எதன் மேல் அதிகக் கோபம் வருகிறது. கடைசிக் கேள்விக்குத்தான் கொட்டித் தீர்த்தார்கள்.

இதில் புதுமை இல்லை என்று பிறகு மேடமே சொன்னார். கட்டடக் கலைஞரான ஃப்ளோரன்ஸ் நோல், தன் அறைகலன் நிறுவனத்தின் உள் வடிவமைப்புப் பிரிவான பிளானிங் யூனிட் மூலம் 20ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இப்படித்தான் வேலை செய்தார். அலுவலகத்தில் வேலை செய்பவர்களிடம் பேசி, அவர்களுக்கு என்ன தேவை என்று தெரிந்துகொண்ட பிறகே இடத்தைப் பிரிப்பார். துணித் துண்டையும் மரத்துண்டையும் பிளான் மேலேயே சின்னதாக ஒட்டிக் காட்டுவார். இன்று நாம் பொருள் மாதிரிகளை ஒட்டிப் போடும் மெட்டீரியல் போர்டுக்கு அது முன்னோடி. ஆனால் நம் போர்டுகளில் பல, எந்தப் பொருள் எந்த இடத்துக்கு என்றே சொல்வதில்லை.

சந்திப்பின் குறிப்பை எழுதும் வேலை எனக்கு வந்தது. முடிவானவை, முடிவாகாதவை, யார் எப்போது பதில் சொல்ல வேண்டும், இவ்வளவுதான். அன்றே மின்னஞ்சலில் போய்விட வேண்டும். இரண்டு மாதம் கழித்து "நான் அந்த நிறம் சொல்லவே இல்லையே" என்று யாராவது சொன்னால் காட்ட ஒன்று இருக்கும்.

மார்ச் 9

ஜூனியர்கள் எந்த மென்பொருள் கற்க வேண்டும் என்று கேட்டார்கள். ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் இரண்டும் கேட்கப்படும், பெரிய புராஜெக்ட் செய்யும் இடங்களில் ரெவிட். சரி, அதற்கு மேல்? எக்ஸெல். சிரித்தார்கள். அளவுப் பட்டியலும் மதிப்பீடும் அதில்தான் ஓடுகின்றன, நான் பார்த்தவரை.

மார்ச் 20

நிறம் தேர்வு செய்யும் நாள். ஸ்டுடியோவின் 4000 கெல்வின் வெண்மையான வெளிச்சத்தில் மிதமான சாம்பலாக இருந்த லேமினேட் (பலகை மேல் ஒட்டும் தகடு), சைட்டில் 2700 கெல்வின் மஞ்சள் விளக்குக்குக் கீழே பழுப்பு அடித்தது. மாதிரியை அது வரப்போகும் இடத்தில், வரப்போகும் விளக்கில், வரப்போகும் நிலையில் பார்க்க வேண்டும்: சுவருக்கானதை நிறுத்தி, தரைக்கானதைக் கிடத்தி. விளக்கின் சிஆர்ஐ எண்ணையும் (அந்த வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு சரியாகத் தெரியும் என்பதன் அளவு) கேட்கப் பழகிக்கொண்டேன். 100தான் உச்சம். 80 பரவலாகக் கிடைக்கிறது, நிறம் முக்கியமான இடத்துக்கு 90க்கு மேல் கேட்பது நல்லது.

ஏப்ரல் 3

தகுதித் தேர்வுகள் பற்றி வகுப்பில் பேச்சு. இந்தத் தொழிலுக்கு உரிமமோ பதிவோ வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் உள் வடிவமைப்பாளர்களுக்கு என்சிஐடிக்யூ என்ற தேர்வு இருக்கிறது. மூன்று பகுதிகள். முதல் பகுதியைப் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டிலேயே எழுதலாம். மற்றவற்றுக்கு வேலை அனுபவம் வேண்டும். அங்கே போகிறோமோ இல்லையோ, அதன் பாடத்திட்டத்தைப் படித்துப் பார்ப்பது பயன்தான். கட்டட விதிகள், தீப் பாதுகாப்பு, ஒப்பந்த ஆவணங்கள், தொழில்முறை நடைமுறை எல்லாம் வருகின்றன. படமும் நிறமும் ஒட்டி உணர்வைக் காட்டும் மூட் போர்டுக்கு அங்கே பெரிய இடம் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 17

நேர்காணல். போர்ட்ஃபோலியோவை நான் எதிர்பார்த்த வரிசையில் பார்க்கவே இல்லை. நேராக கட்டிங் லிஸ்ட் பக்கத்தில் நின்று, "பலகையின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது?" என்றார்கள். கதவுகளில் மேலிருந்து கீழ் என்றேன். அப்படியானால் ஷீட்டைத் திருப்பிப் போட்டு மிச்சம் பிடிக்க முடியாதே என்றார்கள். ஆமாம், அதனால்தான் ரேகை தெரியும் துண்டுகளுக்குத் தனிப் பட்டியல் என்று அடுத்த பக்கத்தைக் காட்டினேன்.

அப்புறம் ஒரு சின்ன சோதனை. சக்கர நாற்காலியில் வருபவரும் பயன்படுத்தும் கழிப்பறை, பென்சிலில் பிளான். நாற்காலி திரும்ப 1500 மில்லிமீட்டர் வட்டத்தை முதலில் போட்டு, மற்றதை அதைச் சுற்றி அமைத்தேன். கதவை வெளிப்பக்கம் திறக்க வைத்ததற்குக் காரணம் கேட்டார்கள். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் கதவைத் திறக்க முடிய வேண்டும் என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் குறித்துக்கொண்டார். என்ன குறித்தார் என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் பதில் சொல்வார்களாம். நாளை சைட்டில் ஒப்படைப்புக்கு முந்தைய ஸ்னாக் லிஸ்ட், அதாவது சரிசெய்ய வேண்டிய குறைகளின் பட்டியல். இழுப்பறைகள் எல்லாவற்றையும் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். இரண்டில் சேனல் (இழுப்பறை ஓடும் தடம்) உரசுகிறது என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறார்கள்.