இரண்டு ரூட்டரும் ஒரு மண்வாரியும்

மலேசியாவில் தெலுக் இந்தானுக்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. லோரி ஏறும் தராசின் எடை தலைமை அலுவலகக் கணினியில் பதிந்தால்தான் ரசீது வரும். வெட்டிய குலையைக் காக்க வைக்க முடியாது. நேரமாக ஆக எண்ணெயில் அமிலம் ஏறும்.

அதற்காகவே இரண்டு ரூட்டர். ஒன்றுக்கு ஃபைபர், மற்றதற்கு 4ஜி. ஒன்று நின்றால் மற்றது பொறுப்பேற்க வைக்கும் விஆர்ஆர்பி என்ற நெறிமுறையில் இரண்டையும் கோத்தேன். இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஐபி முகவரி. முதலாவது வினாடிக்கு ஒரு முறை ‘இருக்கிறேன்’ என்று சொல்லும். சத்தம் நின்றால் சுமார் 3.6 வினாடியில் இரண்டாவது பொறுப்பேற்கும். பிளக்கைப் பிடுங்கிக் காட்டினேன். மேனேஜர் தலையாட்டினார்.

அப்புறம் ஒரு நாள், கால்வாய் தோண்ட வந்த மண்வாரி ஃபைபரை அறுத்துவிட்டது. கேட்டைத் தாண்டி லோரிகள் வரிசை. தராசுக் கிராணி கையால் எழுதிக்கொண்டே, “ரெண்டு பெட்டி வாங்கி என்ன புண்ணியம் தம்பி?” என்றார்.

போய்ப் பார்த்தால் முதல் ரூட்டரில் எல்லா விளக்கும் பச்சை! ஃபைபர் நேராக ரூட்டருக்கு வரவில்லை, நடுவில் ஒளியை மின்சிக்னலாக மாற்றும் பெட்டி, ஒரு மீடியா கன்வர்ட்டர். வெளியே அறுந்தாலும் கன்வர்ட்டருக்கும் ரூட்டருக்கும் நடுவிலுள்ள அரை மீட்டர் கேபிள் உயிரோடுதான் இருந்தது. ஆகவே முதல் ரூட்டர் ‘இருக்கிறேன், இருக்கிறேன்’ என்றபடியே இருக்க, இரண்டாவது மரியாதையாக வாயை மூடிக்கொண்டிருந்தது. ரூட்டர் சாவதைத்தான் நான் சோதித்திருந்தேன், பாதை சாவதை அல்ல. தப்பு என்னுடையதுதான்.

பாதை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் பிஎஃப்டி நெறிமுறையைப் போட்டேன். ஃபைபரின் மறுமுனையிலுள்ள ரூட்டரோடு இது ஓயாமல் சின்னப் பாக்கெட்டுகளைப் பரிமாறும். முதலில் பேராசையில் 50 மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட் என்று வைத்தேன், மூன்று தவறினால் அறுந்ததாகக் கணக்கு. ராத்திரி பேக்கப் ஓடி லைன் நெரியும்போதெல்லாம் நல்ல பாதையையே செத்ததாக அறிவித்தது. 300க்கு ஏற்றினேன், 0.9 வினாடியில் தெரிந்துவிடும், அது போதும். விஆர்ஆர்பியில் முன்னுரிமை எண் பெரிதாக உள்ள ரூட்டரே பொறுப்பில் இருக்கும். அறுந்தது தெரிந்ததும் முதல் ரூட்டரின் முன்னுரிமை 120இலிருந்து 90க்கு இறங்கும். 100 வைத்திருக்கும் இரண்டாவது மேலே வரும். ஆனால் அதற்கும் அந்தப் பழைய 3.6 வினாடி தேவைப்பட்டது. விஆர்ஆர்பி மூன்றாம் பதிப்புக்கு மாற்றி, ‘இருக்கிறேன்’ அறிவிப்பை 100 மில்லிவினாடிக்கு ஒன்று ஆக்கியதும் அது 0.36 ஆனது.

கிராணி இப்போது என்னைக் கூப்பிடுவதே இல்லை. இரண்டு ரூட்டரும் இன்னமும் ஒரே யுபிஎஸ்ஸில்தான் தொங்குகின்றன. இன்னொன்று கேட்டு எழுதிய கடிதம் மேனேஜர் மேசையில் கிடக்கிறது.