தனெகஷிமா

சாமுராய் என்றதும் வாள்தான் நினைவுக்கு வரும். எனக்கோ அவர்களுடைய திரித் துப்பாக்கி மேல்தான் ஆசை. 1543-இல் ஜப்பானின் தனெகஷிமா தீவுக்கு வந்த போர்த்துக்கீசியர்களிடம் தீவின் தலைவர் தொகிதகா இரண்டு துப்பாக்கிகளை விலைக்கு வாங்கினார். அப்புறம் துப்பாக்கிக்கே தீவின் பெயர் ஒட்டிக்கொண்டது.

குண்டின் எடையை வைத்துத்தான் வகை பிரித்தார்கள். எடை அளவு 'மொன்மே', ஒரு மொன்மே சுமார் 3.75 கிராம். சிறியது ஹோசோசுட்சு, நடுத்தரம் சூசுட்சு, பெரியது ஓசுட்சு. ஓசுட்சுவைக் கைப்பீரங்கி என்றே சொல்லலாம், தூக்கிச் சுடவே தனித் தெம்பு வேண்டும். குதிரை வீரர்களுக்குக் குட்டையாக பஜோசுட்சு. தோளில் முட்டுக்கொடுக்கும் கட்டை பெரும்பாலும் கிடையாது. கன்னத்தில் ஒட்டவைத்துச் சுடுவார்கள்.

கிட்டப் போய்ப் பார்த்தால் மனதை அள்ளுவது அந்தப் பித்தளைப் பொறிதான். சின்னஞ்சிறு வெடிமருந்துக் கிண்ணி, அதன்மேல் ஒரு மூடி. மூடியின் பெயர் ஹிபுதா. மூடியை விரலால் தள்ளித் திறந்து விசையை அழுத்தினால், புகையும் திரியைக் கவ்வியிருக்கும் கொக்கி 'டக்'கென்று கிண்ணியில் விழும். இன்றும் ஜப்பானிய மொழியில் ஒரு சண்டையோ போட்டியோ தொடங்கினால், ஹிபுதாவைத் திறந்துவிட்டார்கள் என்றுதான் சொல்கிறார்கள்.