இரண்டு குழந்தை இருக்கை, நடுவில் அம்மா

சுசுகியின் சின்ன ஜீப் போன்ற வண்டியான ஜிம்னியின் பின்கதவைத் திறந்து குழந்தையின் தள்ளுவண்டியை மடக்கி வைத்துப் பார்த்தோம். அதோடு இடம் நிறைந்துவிட்டது. பைகளுக்கு வழியே இல்லை.

ஐந்து கதவு ஜிம்னியிலும் இருக்கைகள் நான்குதான். பின்னிருக்கையை மடக்காவிட்டால் சாமான் வைக்க 208 லிட்டர் இடம்.

எங்களுக்கோ இரண்டாவது குழந்தை வரப்போகிறது. என் அம்மாவும் உடன் வருவார்.

1970 முதல் வரும் அந்தச் சின்ன வண்டி மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு. வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் லோ ரேஞ்ச் கியரில் செங்குத்து ஏற்றத்தையும் நிதானமாக ஏறிவிடும். ஆனால் எங்களுக்கு வேண்டியது மழையில் வழுக்கும் மண்பாதையில் பிடிமானம். நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் விசை தரும் ஆல் வீல் டிரைவும் நல்ல டயரும் அதற்குப் போதும்.

இனி ஐந்து இருக்கை உள்ள பழைய வண்டியாகத் தேடுகிறோம். குழந்தை இருக்கைகள் இரண்டையும் பொருத்தி, நடுவில் அம்மா வசதியாக உட்கார்ந்த பிறகுதான் விலை பேசுவோம்.