ஸ்லீப் என்று காட்டிய அந்த ஒரு வரி

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு டேட்டாபேஸை என் தலையில் கட்டி "பார்த்துக்கோ" என்றார்கள். மருந்துக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள், பின்னால் மை-எஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் சர்வர், 200 சொச்சம் டேபிள்கள். வடிவமைத்தவர் வேலையை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. டாக்குமென்ட் என்று ஒரு எக்செல் ஃபைல் கிடைத்தது, அதில் இருந்த டேபிள்களில் பாதி டேட்டாபேஸில் இல்லை.

சரி, யாரிடமும் கேட்க முடியாது, சர்வரிடமே கேட்போம் என்று டேபிள்களைப் பட்டியலிடும் ஷோ டேபிள்ஸ், ஒரு டேபிளை விவரிக்கும் டெஸ்க் (DESC) என்று கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தேன். டெஸ்க் போட்டால் காலம் (column) பெயரும் டைப்பும் வரும், அது போதும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒரு கடையின் வாடிக்கையாளர் பெயர்களெல்லாம் கேள்விக்குறிகளாக வந்தபோது டெஸ்க் சொன்னது வெறும் வார்கேர் 100, அதாவது நூறு எழுத்து வரை கொள்ளும் என்பது மட்டும். டேபிளை உருவாக்கும் முழுக் கட்டளையையும் காட்டும் ஷோ கிரியேட் டேபிள் போட்டுப் பார்த்தால்தான் கடைசி வரியில் லத்தீன்1 என்ற எழுத்துத் தொகுப்பின் பெயர் இருக்கிறது. மை-எஸ்க்யூஎல் 8.0 வருவதற்கு முன்னால் எதுவும் சொல்லாமல் டேட்டாபேஸ் உருவாக்கினால் அதுதான் கிடைக்கும். தமிழ் எழுத்துக்கு அதில் இடமே கிடையாது, அதனால் கேள்விக்குறியாக மாற்றியே சேமித்திருக்கிறது. டேபிளைத் தமிழுக்கும் இடமுள்ள யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றினோம், ஆனால் போன பெயர்கள் போனதுதான், கடைக்காரர்கள் திரும்ப உட்கார்ந்து டைப் அடித்தார்கள்.

ஷோ டேபிள் ஸ்டேட்டஸ் காட்டும் வரிசை (row) எண்ணிக்கையை நம்பி மேனேஜரிடம் ஒரு கணக்கு சொல்லி மாட்டிக்கொண்டதும் உண்டு. மை-எஸ்க்யூஎல்-லில் டேபிள்களைச் சேமிக்கும் எஞ்சினான இன்னோடிபி-யில் அது குத்துமதிப்பு, நிஜ எண்ணிலிருந்து 40, 50 சதவீதம் கூட விலகலாம்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு ஒரு மதியத்தைப் பற்றி. பில் டேபிளில் ஒரு காலம் சேர்க்க வேண்டும். அதற்கான கட்டளை, டெஸ்ட் சர்வரில் ஒரு நொடியில் முடிந்த ஆல்டர் டேபிள். கடைகள் பயன்படுத்தும் லைவ் சர்வரில் என்டர் தட்டினேன், கர்சர் திரும்பவே இல்லை. இரண்டு நிமிஷத்தில் போன்கள் ஆரம்பித்தன, எந்தக் கடையிலும் பில் போட முடியவில்லை. ஆளாளுக்கு ரீஸ்டார்ட் பண்ணு என்கிறார்கள். பக்கத்து சீட் அண்ணன் மட்டும், "இரு தம்பி, முதல்ல ப்ராசஸ்லிஸ்ட் எடு" என்றார்.

சர்வரில் அப்போதுள்ள இணைப்புகளின் பட்டியல் அது. எடுத்தேன். 90-க்கு மேல் வரிகள், ஏறக்குறைய எல்லாவற்றிலும் 'வெயிட்டிங் ஃபார் டேபிள் மெட்டாடேட்டா லாக்', அதாவது டேபிளின் அமைப்பைக் காக்கும் பூட்டுக்காகக் காத்திருக்கின்றன. இணைப்புகளின் எண்ணிக்கையான த்ரெட்ஸ் கனெக்டெட் ஏறிக்கொண்டே போகிறது, அதன் உச்சவரம்பான எங்கள் மேக்ஸ் கனெக்ஷன்ஸ் யாரும் மாற்றாத 151. அதைத் தாண்டி ஒரே ஒரு இணைப்பு அட்மின் உரிமை உள்ளவருக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும், ஆனால் எங்கள் அப்ளிகேஷனே ரூட் என்ற அட்மினாகத்தான் உள்ளே போகும், அதனால் அந்தக் கதவும் எங்களுக்கு இல்லை.

வரிசையின் தலையில் என் ஆல்டர் நிற்கிறது, அதுவும் காத்துக்கொண்டுதான் இருக்கிறது. யாருக்காக? ப்ராசஸ்லிஸ்ட் அதைச் சொல்லாது. ஸ்லீப் என்று, எதுவும் செய்யாமல் சும்மா இருக்கும் இணைப்புகளாக ஏழெட்டு வரிகள் இருந்தன, எல்லாம் ஒரே மாதிரி அப்பாவியாக. சர்வர் தன்னைப் பற்றிய விவரங்களைக் காட்டும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில், முடியாத டிரான்சாக்ஷன்களைக் காட்டும் இன்னோடிபி டிஆர்எக்ஸ் டேபிளைப் பார்க்கச் சொன்னார் அண்ணன். காலை 10:40-க்குத் தொடங்கி இன்னும் முடியாத ஒரு டிரான்சாக்ஷன் (மொத்தமாகச் சேர்த்து முடிக்க வேண்டிய வேலைத் தொகுப்பு). அதன் த்ரெட் எண்ணை ஸ்லீப் வரிகளில் தேடிப் பிடித்து, எந்த மெஷினிலிருந்து வந்த இணைப்பு என்று சொல்லும் ஹோஸ்ட் காலத்தைப் பார்த்தால், என் மெஷின்.

காலையில் ஒரு சந்தேகத்துக்காக, ஒவ்வொரு கட்டளையையும் தானாக முடித்துவைக்கும் ஆட்டோகமிட்டை அணைத்து, அதே பில் டேபிளைப் படிக்க ஒரு செலக்ட் போட்டுவிட்டு, அந்தக் கறுப்பு விண்டோவை மினிமைஸ் செய்து மறந்திருக்கிறேன். வெறும் செலக்ட்தான். ஆனால் டிரான்சாக்ஷனுக்குள் ஒரு டேபிளைப் படித்துவிட்டால், கமிட்டோ (உறுதிசெய்வது) ரோல்பேக்கோ (ரத்துசெய்வது) ஆகும்வரை அதன் அமைப்பை யாரும் மாற்ற முடியாது. ஆல்டர் அதற்காக நிற்க, பின்னால் வந்த கடைக்காரர்களின் சாதாரணக் கேள்விகள் எல்லாம் ஆல்டருக்குப் பின்னால் நிற்க, ரேஷன் கடை வரிசை மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் சர்வரின் செட்டிங்குகளான வேரியபிள்ஸைப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. பூட்டுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற லாக் வெயிட் டைம்அவுட் 3,15,36,000 நொடி, அதாவது ஒரு வருஷம்! என் இணைப்பைச் சர்வர் தானாகத் துண்டிக்க வேண்டுமானால் வெயிட் டைம்அவுட் 28,800 நொடி, எட்டு மணி நேரம். மாலை 6:40 வரை பில் கிடையாது.

அந்த விண்டோவைத் திறந்து கமிட் என்று அடித்தேன். ஆல்டர் முடிந்தது, அடுத்த ப்ராசஸ்லிஸ்டில் பத்து வரிகூட இல்லை. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் டீக்குக் கூப்பிட்டார்.

இப்போதெல்லாம் ஆல்டருக்கு முன்னால் அந்த டிரான்சாக்ஷன் டேபிளை ஒரு தடவை பார்த்துவிடுவேன், என் செஷனுக்கு மட்டும் லாக் வெயிட் டைம்அவுட்டை 5 நொடி என்று வைப்பேன், அதற்குள் பூட்டு கிடைக்கவில்லையென்றால் ஆல்டர் தானே விலகிவிடும். அன்று சாயங்காலம் மேனேஜருக்கு அனுப்பிய மெயிலில் 'முடிக்கப்படாத ஒரு டிரான்சாக்ஷன் காரணம்' என்று எழுதினேன். ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்தேன், ஹோஸ்ட் காலத்தை மட்டும் வெட்டிவிட்டு.