ஓட்டல் பாயிண்ட்: ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்கு எது சரிப்படும்?

தோல் வியாபாரத்தில் இருப்பவர்களுக்குக் கான்பூர், ஆக்ரா, கொல்கத்தா, மிலான் என்று ஓட்டல் வாசம் ஓயாது. அடிக்கடி தங்குபவர்களுக்குப் பாயிண்டும் சலுகையும் தரும் ஓட்டல் குழுமங்களின் உறுப்பினர் திட்டங்களில் எதில் சேருவது என்று பார்க்கும்போது பாயிண்டை விட, வருடத்துக்கு எத்தனை இரவு வெளியில் தங்குகிறீர்கள் என்பதே முக்கியம்.

மேரியட் குழுமத்தின் பான்வாய் திட்டத்தில் வருடத்துக்கு 25 இரவுக்கு கோல்டு நிலை, 50க்கு பிளாட்டினம். ஐஎச்ஜி என்ற இன்னொரு ஓட்டல் குழுமத்தில் அதே நிலைகளுக்கு 20, 40. ஏறுவது சுலபம்தான், ஆனால் அங்கே பிளாட்டினத்துக்குக்கூட இலவசக் காலை உணவு கிடையாது. அதற்கு 70 இரவு தங்கி டைமண்ட் ஆக வேண்டும். மேரியட் பிளாட்டினத்துக்குப் பெரும்பாலான பிராண்டுகளில் காலை உணவு உண்டு, கிளம்பும் நாளில் மாலை 4 மணி வரை அறையும் உண்டு. சென்னையில் வேலை முடித்து ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடிப்பவருக்கு அந்த நாலு மணிதான் பெரிய லாபம். கோல்டுக்கு 2 மணி, அதுவும் அறை காலியாக இருந்தால். ஆண்டுக்கு 50 எட்டாதவர் பிளாட்டினத்தைத் துரத்த வேண்டாம். மேரியட்டில் மிச்ச இரவுகள் அடுத்த வருடத்துக்குப் போகாது.

பாயிண்ட் ஏறாமல் போவதற்கு முதல் காரணம், மூன்றாம் நபர் புக்கிங் தளம். அங்கே மலிவாகக் கிடைத்தாலும் பாயிண்டும் இல்லை, இரவுக் கணக்கும் இல்லை. நம் ஊருக்கே உரிய காரணம் இன்னொன்று: இனிஷியல். கணக்கில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து வேறொன்று என்றால் சிஸ்டம் சேர்க்காமல் விடலாம். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே சேருங்கள். செக்-இன் நேரத்திலேயே உறுப்பினர் எண் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். விடுபட்டதைக் கோர அதுதான் ஆதாரம்.

மேரியட் பாயிண்ட் 24 மாதம் அசைவில்லாவிட்டால் காலாவதி. ஐஎச்ஜியில் சாதா உறுப்பினருக்கு 12 மாதம்தான்.