கிரிஸ் வாங்கிய கதை

யோக்யகர்த்தாவில் ஒரு கடையில் "நூறு வருஷத்துப் பழசு" என்று தலையில் கட்டிய ஜாவா கிரிஸ் கத்தியை நேற்று எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தேன், வெள்ளை வரி வேலைப்பாடு பாதி துணியோடு வந்துவிட்டது. பெயிண்ட்!

நிஜமான பாமோர் (கத்தி அலகில் தெரியும் அந்த வரி வேலைப்பாட்டுக்குப் பேர்) அப்படிப் போகாது. இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கடுக்காக வைத்து அடித்துச் சேர்ப்பார்கள், அப்புறம் ஆர்செனிக்கும் எலுமிச்சைச் சாறும் தடவினால் இரும்பு கறுத்து நிக்கல் மட்டும் வெள்ளியாய்த் தெரியும் (வீட்டில் முயலாதீர்கள், விஷம்). அலை அலையாய் நெளியும் அலகின் வளைவை எண்ணியிருந்தாலே உஷாராகியிருப்பேன்: 12. ஒற்றைப்படையில்தான் வளைப்பது வழக்கம். பிடியை ஒட்டி அகலும் இடத்தில் பெரும்பாலும் கஞ்சா என்ற தனித்துண்டு (சிரிக்காதீர்கள், பேரே அதுதான்) பொருத்தியிருக்கும், இதில் அரத்தால் ஒரு கோடு கீறி விட்டிருக்கிறான்.

உறை மட்டும் நல்ல மரம்.