அரங்கேற்ற நாளில் சபா நாடகம் பார்க்கப் போகிறீர்களா?

சென்னையில் கச்சேரி, நாடகம் நடத்தும் அமைப்புகளான சபாக்களில் நாடகம் போடும் குழுக்களில் பெரும்பாலானவர்கள் பகலில் பேங்க், ஆபீஸ் என்று வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் ஒத்திகைக்கு ஓடுகிறவர்கள். 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபாவை ஆரம்பித்த காலத்திலிருந்தே இந்த வழக்கம் உண்டு. கோடையில் நாரத கான சபா அரங்கில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் என்ற அமைப்பு நடத்தும் நாடக விழாவுக்குப் போனால் புது நாடகங்கள் வரிசையாக அரங்கேறுவதைப் பார்க்கலாம். ஆனால் அரங்கேற்றத்தன்று பார்ப்பதும் பத்தாவது ஷோ பார்ப்பதும் ஒன்றல்ல.

காரணம் ஹால் வாடகைதான். ஒரு நாள் முழுக்க மேடையை வாடகைக்கு எடுத்து ஒத்திகை பார்க்க வசதியுள்ள குழுக்கள் ரொம்பக் குறைவு. யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்திலோ மொட்டை மாடியிலோதான் ஒத்திகை நடக்கும். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி சோபா ஆகிவிடும். சுவரோரம் வைத்த செருப்பு ஜோடிதான் வாசற்கதவு. நிஜக் கதவு, நிஜ சோபா, லைட் எல்லாம் ஒன்றுசேர்வது அரங்கேற்றத்தன்று மத்தியானம், செட் வேன் வந்து இறங்கிய பிறகுதான். ஏழு மணி நாடகத்துக்கு நாலு மணி வரை ஆணி அடித்துக்கொண்டிருப்பார்கள். கதவு உள்பக்கம் திறக்குமா வெளிப்பக்கம் திறக்குமா என்பதே நடிகருக்கு அப்போதுதான் தெரியும். கோபமாக வெளியேற வேண்டிய மருமகன் கதவை இரண்டு தரம் தள்ளிப் பார்த்துவிட்டு அப்புறம் இழுப்பது இதனால்தான்.

லைட்டிலும் இதே கதைதான். கூடத்தில் மூன்று அடி தள்ளி நின்றால் பரவாயில்லை. மேடையில் அந்த மூன்று அடியில் முகம் இருட்டுக்குள் போய்விடும். அனுபவம் உள்ளவர் நெற்றியில் சூடு படுகிறதா என்று பார்த்து ஓரடி முன்னால் வந்துவிடுவார். புதியவர் இருட்டிலேயே முழு வசனத்தையும் பேசி முடிப்பார்.

டெலிபோன் காட்சி வந்தால் கவனியுங்கள். மணிச் சத்தம் பக்கத்துத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆடியோக்காரர் கையில் இருக்கிறது. நடிகர் போனை எடுத்த அதே நொடியில் அவர் நிறுத்த வேண்டும். அரை நொடி பிந்தினாலும் "ஹலோ" சொன்ன பிறகும் மணி அடிக்கும், சபையே சிரித்துவிடும்.

வசனம் மறப்பது பெரிய தப்பாகத் தெரியும், அப்படியில்லை. பக்கத்துத் திரை மறைவில், மறந்த வசனத்தை எடுத்துக்கொடுக்கும் பிராம்ப்டர் இருப்பார். மேடை விளிம்பில் வைத்த மைக்குகள் அவர் குரலையும் சேர்த்து இழுத்துவிடுவதால் ஒரே வசனம் இரண்டு தடவை கேட்கும், அவ்வளவுதான். காலர் மைக் என்றால் பிரச்சினை வேறு. பட்டுப் புடவைத் தலைப்போ சங்கிலியோ உரசினால் கரகரப்பு. கட்டிப்பிடித்து அழும் காட்சியில் படபடவென்று சத்தம். இன்னொரு விஷயம்: ஸ்கிரிப்டைப் போலீஸிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்ற 1954-ஆம் வருஷச் சட்டப் பிரிவுகளை, எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் ரத்து செய்தது. நல்ல தீர்ப்பு. கடைசி நாள் வரை வசனத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் நாடகாசிரியர்களுக்கு ரொம்பவே நல்ல தீர்ப்பு. நடிகர்கள் பாடுதான் பாவம்.

அரங்கேற்றத்துக்கே உரிய ஒரு தடுமாற்றம் சிரிப்பில் தெரியும். ஒத்திகையில் ஒரே ஜோக்கை முப்பது தடவை கேட்டவர்களுக்குச் சபை எங்கே சிரிக்கும் என்பது மறந்தே போயிருக்கும். சிரிப்பு எழும்போது அடுத்த வசனத்தை ஆரம்பித்துவிடுவார்கள், அது முழுகிப் போகும். பல சமயம் முழுகியது கதைக்கு முக்கியமான தகவலாக இருக்கும். நாலைந்து ஷோவுக்குப் பிறகு அதே நடிகர் தண்ணீர் குடிப்பதுபோல் ஒரு மடக்கு நிறுத்தி, சிரிப்பு இறங்க ஆரம்பிக்கும்போது அடுத்த வரியை எடுப்பார். அந்த நிறுத்தத்தைக் கற்றுக்கொடுப்பது ஒத்திகை இல்லை, சபைதான்.

உட்கார நல்ல இடம் ஐந்தாவது வரிசையிலிருந்து பத்தாவது வரை, நடுவில். முதல் இரண்டு வரிசை பெரும்பாலும் நன்கொடை கொடுத்த டோனர்களுக்கும் சிறப்பு விருந்தினர்களுக்கும் போய்விடும். கிடைத்தாலும் கழுத்து வலிக்கும், மேடையில் தரையோடு நடப்பது தெரியாது. பால்கனிக்கு அடியில் உள்ள கடைசி வரிசைகளில் குரல் அமுங்கிவிடும். ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் எதிரே வேண்டவே வேண்டாம், காட்சி மாறும்போது போடும் பின்னணி இசையில் காது போய்விடும். ஏசி குளிருக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது நிறைய நாடகங்களில் இடைவேளை இல்லை, அதனால் கேன்டீன் போண்டாவை, நாடகம் ஆரம்பிக்கப்போவதைச் சொல்லும் முதல் மணி அடிக்கும் முன்பே முடித்துவிடுங்கள். மூன்றாவது மணி அடித்த பிறகு உள்ளே வந்து செல்போன் டார்ச்சில் இடம் தேடாதீர்கள். இருட்டில் செட் மாற்றுகிறவர்கள் கண்ணில் அந்த வெளிச்சம் அடித்தால் நாற்காலி தப்பான இடத்தில் உட்காரும்.

காட்சிகளுக்கு நடுவே விளக்கணைத்து மாற்றும் நேரம் அரை நிமிஷத்துக்குள் இருந்தால் நல்ல குழு. முதல் நாளில் ஒரு நிமிஷத்தையும் தாண்டலாம். பத்துப் பன்னிரண்டு காட்சி உள்ள நாடகத்தில் அதுவே பத்து நிமிஷத்தைத் தின்றுவிடும். இரண்டு மணி நேர நாடகம் இழுப்பதுபோல் தோன்றினால் எழுத்தைத் திட்டுவதற்கு முன் இந்த இருட்டைக் கணக்குப் பாருங்கள்.

முடிந்ததும் பொன்னாடை, பேச்சு, அப்புறம் நடிகர்கள் அறிமுகம். பார்க்கிங்கில் முந்திக்கொள்ள அறிமுகத்தின்போது எழுந்து ஓடுகிறவர்களை என்னால் மன்னிக்க முடியாது; லைட் போட்டவர், மேக்கப் போட்டவர் பெயரெல்லாம் ஒலிப்பது அந்த ஐந்து நிமிஷத்தில்தான். தெரிந்தவர் நடித்திருந்தால் கிரீன் ரூமுக்குப் போய்க் கைகொடுங்கள். குறையை அங்கே சொல்ல வேண்டாம். மறுநாள் போன் செய்து, எந்தக் காட்சியில் யார் குரல் கேட்கவில்லை, எங்கே கொட்டாவி வந்தது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். "சூப்பர்" என்றோ "சுமார்" என்றோ சொன்னால் அவர்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. எந்த வசனத்தை வெட்டலாம் என்று அவர்கள் தேடிக்கொண்டிருப்பதும் அன்றைக்குத்தான்.